அடுப்போரத்து மண்தரை

— கையைப் பத்தி மட்டும் சொல்லுங்கடி. மத்ததெல்லாம் அப்புறம். படத்துல என் பொண்ணு பொம்மை அடுப்போரமா உட்கார்ந்து தரையைத் தோண்டுதே, அது என்னத்துக்கு?

— எர்மெலிந்தாம்மா, முதல்ல உட்காருங்க. நாயெலி, அம்மாவுக்குக் கொஞ்சம் சோளக்கஞ்சி ஊத்து.

— கஞ்சி கிடக்கட்டும் கிரிசெல்டா. கூடப் படிச்சவளுங்க என் யூரிதியாவை மறக்காம படம் எடுக்கிறாளுங்கன்னு அவ பாவாடையையே பொம்மைக்கு வெட்டிக் கொடுத்தேன். படம் பயமா இருக்கும்னீங்க, சரின்னேன். ஆனா இது வேற.

— பிடிக்கலியாம்மா?

— பிடிச்சுதான்னா கேட்டேன்? ஏன் தோண்டுதுன்னு கேட்டேன்.

— அது நாயெலி யோசனை. நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்.

— யாரு, நானா? சத்தியமா இல்லடி கிரி. பகல்ல நீ பொம்மையைத் துளித்துளியா நகர்த்திப் படம் புடிப்ப, சாயங்காலம் நான் வருவேன். நான் வர்றப்பவே கை தரையில இருந்துச்சு. நீ வெச்சதுன்னு நெனச்சு அங்கேருந்து தொடர்ந்தேன்.

— விளையாடாதே. நான் கிளம்புறப்ப கை மடியில இருக்கும். மறுநாள் வந்தா விரல் மண்ணுக்குள்ள இருக்கும். நீதான்னு நெனச்சேன்.

— பொம்மைக்குள்ள கம்பிடி. ஒரு விரலை மடக்கவே மூச்சைப் பிடிக்கணும். தானா எப்படி நகரும்?

— அதைத்தான் நானும் கேக்கிறேன்.

— ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்கடி. என் வீட்டுக்காரர் அன்செல்மோ வெளிய வண்டியில இருக்கார்.

— மாமா பாதிப் படத்துலயே எழுந்து போயிட்டாரேம்மா.

— சிகரெட் பிடிக்கணும்னார். அது சரி, என் சமையலறை பூரா சிமெண்டு. படத்துல எப்படி மண்தரை வந்துச்சு?

— சிமெண்டா? சின்னதுல அங்கதானே நாங்க மூணு பேரும் சொப்பு வெச்சு விளையாடினோம். மண்ணுதானே இருந்துச்சு. அவ போனப்புறம் மாமா எங்களை வாசலோட திருப்பி அனுப்பிடுவாரு. பாக்காமலே செஞ்சுட்டோம், தப்புதான்.

— தப்பில்ல. அவ இருந்தவரைக்கும் மண்ணுதான்.

— அம்மா, கஞ்சியைக் குடிங்க.

— செத்தவங்க நாளுக்கு வருஷா வருஷம் செண்டிப்பூ பரப்பி, செத்த எல்லார் போட்டோவையும் வைப்பேன். என் அம்மா, என் முதல் வீட்டுக்காரர், எல்லாரும் இருப்பாங்க. யூரிதியா போட்டோவை மட்டும் வெச்சதில்ல. எல்லை தாண்டி வடக்கே போயிட்டா, ஒருநாள் வருவான்னு அன்செல்மோதான் சொன்னார். உசிரோட இருக்கிறவளுக்கு யாராவது பூ போடுவாங்களா?

— போட வேண்டாம்மா. வருவா.

— சிமெண்டு எப்பம்மா போட்டீங்க?

— அவ போன மறுவாரம். நான் எங்க அக்கா வீட்டுல அழுதுட்டுக் கிடந்தேன். திரும்பி வந்தா புதுத் தரை. நீ பெருக்கச் சுலபமா இருக்கட்டும்னு தனியாளாப் போட்டேன்னார். அவர் கையைப் பிடிச்சு நான் நன்றி சொன்னேன்டி.

— ஐயோ அம்மா.

— ஹாரன் அடிக்கிறாரு. நான் போய் என்ன சொல்லட்டும்?

— அம்மா படத்தை இன்னொரு தடவை பாக்கணுமாம், காத்திருங்கன்னு சொல்லு நாயெலி. கிரிசெல்டா, நீ என்கூடப் பின்வாசல் வழியா வீட்டுக்கு வா. பூ நான் பறிச்சுக்கிறேன், நீ கடப்பாரையை எடு.