ஞானபாக்கியம் டீச்சரின் இடது பக்கம்

உங்கள் இடது புருவம் வலது புருவத்தைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. குறையாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான். கண்ணாடி முன்னால் நின்று ஓர் அட்டையால் முகத்தில் பாதியை மறைத்துப் பாருங்கள். பிறகு மறுபாதியை மறைத்துப் பாருங்கள். இரண்டு ஆட்கள் தெரிவார்கள். அதில் ஒருவர்தான் பார்க்க லட்சணமாக இருப்பார்.

என் பெயர் கிளைட்டன், வயது ஐம்பத்து மூன்று. தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் இருபத்தெட்டு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். போஸ்டர், ஃபிளெக்ஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். யாரும் மிரட்டவில்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தீர்கள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். என் தொழிலில் ஒரு பொய்கூடத் தேவைப்பட்டதில்லை. முகத்தில் எது நல்ல பாதியோ அதை எடுத்து, கம்ப்யூட்டரில் திருப்பி, மறுபக்கத்தில் வைத்துவிடுவேன். ஓரம் தெரியாமல் மெழுகிவிட்டால் முடிந்தது வேலை. அடுத்தவர் மூக்கையோ கண்ணையோ கொண்டுவந்து ஒட்டியது கிடையாது, எல்லாம் அவரவர் சொத்துதான். இந்த ஊரில் கோணல் முத்தை எவராவது மோதிரத்தில் கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உருண்டையைத்தான் கேட்பார்கள். முகம் என்றாலும் கண் அதைத்தான் கேட்கிறது. நான் கண்ணுக்குக் கேட்டதைக் கொடுத்தேன்.

எத்தனையோ பெண்களுக்கு என் படத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வந்தான். செத்தவர்களுக்கும் இதே கவனிப்புதான். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எண்பது வயதுக் கிழவரும் புது மாப்பிள்ளை மாதிரி இருப்பார். வீட்டார் பார்த்துவிட்டு, "அப்பா மொகத்துல என்ன ஒரு களை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். குறை என்று வாய் திறந்தது ஞானபாக்கியம் டீச்சர் மட்டும்தான்.

அவர் நாசரேத்துக்காரர். ரிட்டயர் ஆன பிறகு இங்கே மகள் ஜெப்ஸியோடு இருந்தார். டீச்சரின் கணவர் செல்வதுரை சாகுபுரத்தில் வேலை பார்த்துக் காலமானவர். டீச்சருக்கு முகவாதம் வந்து இடது பக்கம் இழுத்துவிட்டது. அந்தக் கண் சரியாக மூடாது, கடைவாய் கீழே தொங்கும், எச்சில் வழியும் என்று கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை இருக்கும். வாதம் வந்த நாளிலிருந்து மூன்று வருடம் படமே எடுக்கவிடவில்லையாம். எவராவது போனைத் தூக்கினால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாராம். ஜெப்ஸியின் கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஹாலில் மாட்டுவதற்கு ஒரு குடும்பப் படம் வேண்டும் என்று மகள் அழுது அடம்பிடித்து அழைத்துவந்தாள். கேமராவுக்கு நேராக உட்கார்ந்து, கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டு, டீச்சர் சிரித்தார்.

வலது பக்கம் அருமையான பக்கம். அதையே இரண்டு பக்கமும் வைத்தேன். என் வாழ்நாளில் செய்த சிறந்த வேலை அது என்று இப்போதும் சொல்வேன்.

படம் வாங்க வந்த அன்று கடையில் கூட்டம். டீச்சர் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார், "படம் ரொம்ப நல்லாருக்கு தம்பி. இந்த அம்மா யாரு?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"மூணு வருசம் ஒளிஞ்சு கெடந்தேன் தம்பி. மகளுக்காவ அன்னைக்குத்தான் தைரியமா மொகத்தக் காட்டுனேன். அதப் போயி வெட்டி எறிஞ்சிட்டியளே. கோணலா இருந்தாலும் அது எனக்கு ஆண்டவர் தந்த மொகம். அதுல ஒரு காப்பி போட்டுத் தாங்க."

போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். போடவில்லை. இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டார், பிறகு விட்டுவிட்டார். அதற்கப்புறம் எந்தக் கேமராவுக்கும் அவர் முகம் காட்டியதில்லை என்று ஜெப்ஸி சொன்னாள். அது அவர் பிடிவாதம். நல்லதுக்குக் காலமில்லை என்று நினைத்துக்கொண்டேன். கோபம் இருந்தது, மறைக்கவில்லை. சமையல்காரன் ஆக்கிப் போட்ட விருந்தை நாலு பேர் முன்னால் துப்பினால் அவனுக்கு எப்படி இருக்கும்?

போன வருடம் டீச்சருக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கியது. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வெளியே வந்த கூட்டத்தில் எப்படியோ நழுவிப்போய்விட்டார். ஜெப்ஸி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் ஓடி வந்தாள். காணவில்லை போஸ்டர் அடிக்க வேண்டும். கையில் என்னுடைய அந்தக் குடும்பப் படம்தான் இருந்தது.

"அண்ணாச்சி, இதுல அம்மா மொகம் நேரா இருக்கு. நீங்க மாத்துறதுக்கு முன்னால உள்ள படம் இருக்குமா?"

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சொன்னேன். போகவில்லை. நான் எந்தப் படத்தையும் அழிக்கிறவன் இல்லை. அவள் கை ஊன்றி நின்ற மேசைக்கு அடியில்தான் இருந்தது.

"அப்ப, மொகம் இடது பக்கம் இழுத்திருக்கும்னாவது எழுதிருங்க அண்ணாச்சி."

"படத்துல இல்லாதத எழுதுனா ஜனம் கொழம்பிரும்மா. நீலச் சேலை, வயசு அறுபத்தஞ்சுன்னு போடுவோம். போதும்."

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். முந்நூறு போஸ்டர், திருச்செந்தூர் வரைக்கும் ஒட்டினார்கள். வாட்ஸ்அப்பிலும் அதையேதான் அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் அடியில் என் ஸ்டூடியோ பெயர் இருந்தது. நீங்களே சொல்லுங்கள், கோணல் முகத்துக்குக் கீழே என் பெயரைப் போட்டு ஊர் ஊராக ஒட்டச் சொல்கிறீர்களா? அதைவிட, அசலை வெளியே விட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் எந்த மாப்பிள்ளை வீட்டான் என் படத்தை நம்புவான்?

இனி அற்புதமணி சொன்ன விஷயம். ஆத்தூரில் டீக்கடை வைத்திருக்கும் அவர், கேமரா பையோடு ஓர் ஆள் வந்தான் என்று உங்களிடம் சொன்னாரே, அது நான்தான். டீச்சர் காணாமல் போய் ஐந்தாவது நாள், வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்க அந்தப் பக்கம் போயிருந்தேன்.

கடைச் சுவரில் என் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். நீலச் சேலை இல்லை, யாரோ பழைய சேலை ஒன்று கொடுத்திருந்தார்கள். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அந்த இடது பாதியை என்னைப் போல உற்றுப் பார்த்தவன் வேறு எவன்? வெட்டுவதற்கு முன்னால் நன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அற்புதமணி டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அஞ்சு நாளா இங்கனதான் கெடக்காவ அண்ணாச்சி. பேரு கேட்டா சொல்லத் தெரியல. போஸ்டர்ல உள்ள அம்மாவோன்னு நானும் பக்கத்துல நிறுத்திப் பாத்தேன். அவிய என்ன லெச்சணமா இருக்காவ. இவியளுக்கு வாயி கோணிக்கிட்டுல்லா இருக்கு. போலீசுக்குச் சொல்லிருவமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. பக்கத்து ஊரு ஆளாத்தான் இருக்கும், சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. போலீசுன்னா பாவம் அந்த அம்மா பயந்துரும்."

இதைச் சொன்னதும் நான்தான். இதை அவர் உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அந்த மனிதருக்கு அது உறுத்தலாக இருக்கும். அவர்மேல் தப்பில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. கைக்குட்டை பிடித்த கையால் தலைக்கு மேலே இருந்த போஸ்டரைக் காட்டினார்.

"இந்த அம்மாவத் தேடுதாவளாம் தம்பி. எவ்வளவு அழகா இருக்காவ பாருங்க. பிள்ளைக எப்படித் துடிக்கோ. எங்கயாவது பாத்தியன்னா சொல்லிருங்க."

சொல்கிறேன் டீச்சர் என்றேன். டீச்சர் என்று கூப்பிட்டதும் ஒரு கணம் அந்த முகம் விழித்த மாதிரி இருந்தது. பிறகு அவர் மறுபடி பன்னைத் தின்னத் தொடங்கிவிட்டார்.

ஒரு போன் அடித்திருந்தால் முக்கால் மணி நேரத்தில் ஜெப்ஸி அங்கே வந்து நின்றிருப்பாள். அது எனக்குத் தெரியும். அவள் எண் என் போஸ்டரிலேயே பெரிய எழுத்தில் இருந்தது. ஆனால் அவள் வந்து அம்மா என்று கட்டிப்பிடித்ததும், அந்தத் தெருவே ஒரு தடவை டீச்சரைப் பார்க்கும், ஒரு தடவை போஸ்டரைப் பார்க்கும். எவனாவது ஒருவன் இரண்டையும் சேர்த்துப் படம் பிடிப்பான். மறுநாள் ஊர் பூராவும் என் பெயரைச் சொல்லிச் சிரிக்கும். இருபத்தெட்டு வருடம் சேர்த்த பெயர். இன்னொன்றும் உண்டு. டீச்சரே அழகு என்று ஒப்புக்கொண்டுவிட்டார். நான் ஜெயித்திருந்தேன். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. டீக்கும் பன்னுக்கும் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அன்று மதியத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டது. அற்புதமணி கடையைச் சாத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்தில் டீச்சரை உயிரில்லாமல் கண்டெடுத்தார்கள். குளிரும் காய்ச்சலும்தான், தண்ணீரில் விழவில்லை, யாரும் தொடவில்லை. நீங்களே ரிப்போர்ட் பார்த்தீர்கள். கொலை என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டேன். பார்த்தேன், யாரென்று தெரிந்தது, சொல்லவில்லை, சொல்ல வந்தவரையும் தடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. நாளைக்கே இன்னொரு கோணல் முகம் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாலும் நேராக்கித்தான் கொடுப்பேன்.

அடக்கத்துக்குப் படம் எடுக்கவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கிற படம், எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் எடுப்பதுதான். ஜெப்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இந்த ஒரு தடவ மட்டும் அம்மா மொகத்த மாத்தாதிய. அப்படியே எடுங்க" என்றாள். சரி என்று குனிந்து பார்த்தேன். உயிர் போனதும் இழுப்பும் போயிருந்தது. அழுதுகொண்டிருந்த ஜெப்ஸி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி மூடியிருந்தன, கடைவாய் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. இடதுக்கும் வலதுக்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. என் மென்பொருளில்கூட அவ்வளவு சுத்தமாக வராது.

மூன்றாம் நாள் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெப்ஸி பார்த்துவிட்டு, "இதுலயும் மாத்திட்டியளா, எங்கம்மாவத் தாங்க அண்ணாச்சி" என்று தரையில் உட்கார்ந்து கதறினாள். அந்தப் படத்தில் நான் ஒரு புள்ளிகூடத் தொடவில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. என்ன செய்தாலும் திருப்தியாகாத குடும்பம்.