வெள்ளிக்கிழமைப் பாடு

"வெள்ளிக்கெழம கழிச்சித்தான் இந்த மனசு மாத்திரையத் தொடுவேன்," என்றார் முன் இருக்கையில் இருந்தவர். எண்பதுகளின் தொடக்கம், பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் பேருந்து. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் மருந்துப் பொட்டலம்.

"இன்னாத்துக்கு அதுவரிக்கும்?"

"வெள்ளிக்கெழம என் பாடு." ஏரியில் வலை போட ஒவ்வொருவருக்கும் முறை வைத்து வரும் நாளை அங்கே பாடு என்பார்கள். "தூக்கம் வரும்னாரே டாக்டரு. படகுல தூங்கிட்டன்னா?"

"போன பாடு அன்னிக்கி முழிச்சிக்கினுதான் இருந்த. வலைய மடியில போட்டுக்கினு கரையிலயே குந்தி அழுதுக்கினு இருந்த."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அறுத்த வயல்கள், உப்புக்காற்றில் சாய்ந்த பனைகள், எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

"தெளிய மூணு வாரம் ஆவும்னாரு," என்றாள் தணிந்த குரலில். "இன்னிக்கே ஆரம்பிச்சா அடுத்த மொறைக்கு நீ போவலாம். இந்த வாட்டி எந்தம்பி போவட்டும்."

"உந்தம்பியா? வலையக் கிழிச்சிக்கினு வருவான்."

"கிழிச்சா நீ குந்தி தெய்யி. நாள் முச்சூடும் கூரையப் பாத்துக்கினு படுத்திருக்கிறதுக்கு அது மேலு."

திருப்பாலைவனத்தில் இரண்டு பேர் ஏறினார்கள். பேருந்து மறுபடி கிளம்பி வெகுதூரம் வந்த பிறகு அவர் கை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? இன்னா சொன்னாரு?"

"பின்னாடி," என்றாள். "அதுக்கு மொதல்ல நீ சோறு துன்னணும்."