ஒன்றே காலுக்கு ஆயிரத்தைந்நூறு

ஆயிரத்தைந்நூறு மீட்டர் நீச்சலை யாரும் பார்ப்பதில்லை, சார், நீந்துகிறவர்களின் பெண்டாட்டிமார்கூட. ஐம்பது மீட்டர் குளத்தில் முப்பது தடவை கரைக்குக் கரை. எங்கள் வயதில் முக்கால் மணி நேரம் ஆகும். காய்கிற பெயிண்டைப் பார்ப்பதில்கூட இதைவிட விறுவிறுப்பு உண்டு.

மூத்தோர் நீச்சல் போட்டிக்குப் பதினோரு வருடமாக நிகழ்ச்சி நிரல் போடுவது நான்தான். அதே பதினோரு வருடமாக, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் ஆயிரத்தைந்நூறில் இரண்டாம் பரிசு வாங்குவதும் நான்தான். அந்தப் பிரிவில் மொத்தமே இரண்டு பேர். இன்னொருவர் என் அக்கா புருஷன். அக்கா ஒவ்வொரு வருடமும் என் பதக்கத்தைத் தடவிப் பார்த்து, "பரவால்லடா, ரெண்டாவதா வந்துட்டியே" என்பாள். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நெடுந்தூர நீச்சலை எந்த நேரத்தில் வைத்தாலும் திட்டுவார்கள். காலையில் வைத்தால் தூக்கம் போச்சு, மாலையில் வைத்தால் பஸ் போச்சு. ஆகவே இந்த வருடம் மதியம் ஒன்றே காலுக்கு வைத்தேன். அதற்குக் கால் மணி நேரம் முன்பு இருநூறு மீட்டர் பட்டர்ஃப்ளை முடியும். அத்தான் இரண்டிலும் பெயர் கொடுத்திருந்தார். அவர் இதயத்தில் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் குழாய் வைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு போட்டிக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று டாக்டர் எழுதிய கடிதத்தை என்னிடம்தான் கொடுத்திருந்தார். டாக்டர் அதில் அடிக்கோடு வேறு போட்டிருந்தார். நல்ல கையெழுத்து.

நிரல் ஒட்டியதும் அத்தான் வந்தார்.

"மாப்ள, கால் மணி நேரம்தான் இருக்கு. லெட்டரப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் அத்தான். கமிட்டி முடிவு பண்ணிடுச்சு. முடியலேன்னா விலகிக்குங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"விலகுறதா? உன்கிட்டயா?" என்று என் முதுகில் தட்டிச் சிரித்தார்.

கமிட்டி என்பது நான் ஒருவன்தான். அவர் விலக மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஐம்பது வருடப் பழக்கம்.

உயிர்காக்கும் ஆட்கள் இருவரும் காலை ஆறு மணியிலிருந்து வெயிலில் நின்றார்கள். அவர்களும் மனிதர்கள்தானே, சாப்பிட வேண்டாமா? அவர்களுடைய சாப்பாட்டு நேரத்தையும் ஒன்றே காலுக்குப் போட்டேன். நேரம் குறிக்கிற இருவர் மட்டும் கரையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளத்தில் நாங்கள் இரண்டே பேர்.

அவருக்கு இருபத்திரண்டாவது தடவை, எனக்கு இருபத்தொன்று. நடுக்குளத்தில் எதிரெதிரே வந்தோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் கை நின்றது. கால் மட்டும் இரண்டு உதை உதைத்தது. அப்புறம் நிதானமாக, மாடிப்படி இறங்குவதுபோல, கீழே போனார். போகும்போது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கயிற்றை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். என்னைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். கயிற்றுக்கும் அவர் விரலுக்கும் ஒரு சாண்.

எனக்கு இன்னும் ஒன்பது தடவை பாக்கி இருந்தது. திரும்பி வரும்போதெல்லாம் அவர் அடியில் அதே இடத்தில்தான் இருந்தார். நான் நிற்கவில்லை. ஜென்மத்தில் அப்படி நீந்தியதில்லை. தோள் வலிக்கவே இல்லை.

நான் சுவரைத் தொட்டபிறகுதான் கரையிலிருந்தவர், "இன்னொருத்தரு எங்க சார்?" என்று கேட்டார்.

அக்காவும் கேட்டாள்: "பக்கத்துலதானடா நீந்துன, ஒண்ணுமே தெரியலியா?"

"தண்ணிக்குள்ள என்னக்கா தெரியும்?" என்றேன்.

கடிதத்தை மறைத்தது, நேரத்தைக் குறித்தது, உயிர்காக்கும் ஆட்களைச் சாப்பிட அனுப்பியது, பார்த்துக்கொண்டே நீந்தியது எல்லாம் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார்: அவர் மூழ்காமல் இருந்திருந்தாலும் இந்த வருடம் நான்தான் ஜெயித்திருப்பேன்.