தோப்புத்தெரு அகிலாண்டம் திருத்திய எல்லை

இந்த விழாவுக்குத் தலைமையேற்று, நீளமாகப் பேசுபவன் என்று தெரிந்தும் எனக்கு ஒலிவாங்கியைக் கொடுத்திருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பண்பாளர் கல்யாணராமன் அவர்களே. நம் கோரைப்பேட்டை நகராட்சியின் ஒன்பதாம் வார்டு உறுப்பினர், சென்ற தேர்தலில் என்னை நூற்றுப் பன்னிரண்டு வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்த அன்புச் சகோதரி வானதி அவர்களே. முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே. காலையில் வயலில் இறங்கி, மாலையில் கரையேறி, முகம் கழுவிப் பூச்சூடி வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. பள்ளிக்கூடத்து மதில்மேல் இடம்பிடித்திருக்கும் இளைஞர்களே. எல்லோருக்கும் மேலாக, போட்ட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, இவர்கள் எப்போது நம்மை வீட்டுக்கு விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற இந்த மாலையின் நாயகி, தோப்புத்தெரு அகிலாண்டம் அம்மையார் அவர்களே, உங்கள் அனைவரையும் இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

தோற்றவனுக்கு இந்த மேடையில் என்ன வேலை? அங்கே பின்னால் ஒரு தம்பி பக்கத்தில் இருப்பவரிடம் அதைத்தான் கேட்கிறார். கேளுங்கள் தம்பி, உரக்கவே கேளுங்கள். அழைப்பிதழில் இராஜாங்கம் என்ற என் பெயர் இல்லை. நான்தான் தலைவரிடம் போய், எனக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இந்த அம்மையாரை யார் வேண்டுமானாலும் பாராட்டலாம். ஆனால் அவர் செய்த காரியத்தின் அருமை, அதனால் பதவியை இழந்த எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

நம் ஊரின் நடுவே தண்டவாளம் ஓடுகிறது. வடக்கே கடைத்தெரு, நகராட்சி அலுவலகம், நடுநிலைப்பள்ளி. தெற்கே தோப்புத்தெரு, அதைச் சுற்றி நான்கு தெருக்கள், இப்போது நாம் கூடியிருக்கும் இந்தச் சின்னப் பள்ளிக்கூடம், அதற்கப்பால் வயல். இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு ரயில்வே கேட். பழைய ஒன்பதாம் வார்டு எப்படி இருந்தது? பாதி வடக்கே, பாதி தெற்கே. வடக்கே இருந்த மூன்று தெருக்கள் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடிய தெருக்கள். தெற்கே இருந்த தோப்புத்தெரு, நான் கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வேறு ஆளுக்கு வாக்களிக்கிற தெரு. வாக்குச்சாவடி எங்கே? வடக்கே. குடிநீர்த் தொட்டி எங்கே? வடக்கே. உறுப்பினரின் வீடு எங்கே? அதுவும் வடக்கேதான். ஐந்தாண்டுக் காலத்தில் நான் அந்தக் கேட்டைத் தாண்டி எத்தனை முறை தோப்புத்தெருவுக்குப் போயிருப்பேன்? பொங்கலுக்கு ஒருமுறை, சாவுக்குச் சிலமுறை. இதை நானே சொல்கிறேன். நீங்கள் கைதட்ட வேண்டாம்.

சென்ற ஆண்டு வார்டு எல்லைகளைப் புதிதாக வரையப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. நகராட்சி வாசலில் வரைவு வரைபடம் ஒட்டினார்கள். மக்கள் தங்கள் ஆட்சேபனையையும் யோசனையையும் பத்து நாளுக்குள் எழுத்தில் தரலாம் என்றார்கள். வரைபடத்தைப் பார்த்தேன். என் வார்டு பழைய வார்டாகவே இருந்தது. அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

வைக்கச் சொன்னதோடு நின்றேனா? எல்லை இப்படியே நீடிக்க வேண்டும் என்று நான்கு பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். அந்த மனுவின் தமிழை நீங்கள் படிக்க வேண்டும். எல்லை என்பது அன்னையின் அணைப்பு என்று எழுதினேன். வடக்கும் தெற்கும் இணைந்த வார்டு, இரு கண்ணும் இணைந்த பார்வை என்று எழுதினேன். தெற்குக் கண்ணில் ஐந்தாண்டாகத் தூசி விழுந்து கிடந்ததை மட்டும் எழுதவில்லை.

அந்த மனுவை நகலெடுக்க, நகராட்சிக்கு எதிரே ரசியா பேகம் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே அகிலாண்டம் அம்மையார் நின்றுகொண்டிருந்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் தெருப் பெண்களைத் திரட்டி அழைத்துப் போகிறவர் என்ற அளவில் அவரை எனக்குத் தெரியும். வங்கிக்குக் கொடுக்க ஆதார் அட்டையை நகலெடுக்க வந்தவரிடம், வரைபடத்தில் உங்கள் தெரு மறுபடியும் கேட்டுக்கு அந்தப் பக்கத்தோடுதான் சேர்ந்திருக்கிறது என்று ரசியா பேகம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு என்ன செய்வது என்று இவர் கேட்டார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றார் அவர். இவர் அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து, எழுத்துக் கூட்டி எழுதினார். எங்கள் தெருவுக்கும் ஓட்டுப் போடும் இடத்துக்கும் நடுவில் ரயில்வே கேட் இருக்கிறது. ரோட்டை வைத்துக் கோடு போட்டிருக்கிறீர்கள். தண்டவாளத்தை வைத்துக் கோடு போடுங்கள். அவ்வளவுதான். மூன்றே வரி.

எட்டிப் பார்த்தேன். உள்ளுக்குள் சிரித்தேன். என் நான்கு பக்கம் எங்கே, இந்த மூன்று வரி எங்கே என்று நினைத்தேன். அந்த மூன்று வரிக்குள் என் பதவி மொத்தமும் இருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை. தண்டவாளத்தில் கோடு விழுந்தால் என் மூன்று தெருக்களும் எட்டாம் வார்டுக்குப் போய்விடும். ஒன்பதாம் வார்டு முழுக்கத் தெற்காகிவிடும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நகராட்சி மன்றத்தில் நடந்தது. விசாரிக்க வந்தவர் ஸ்ரீவித்யா என்ற இளம் அதிகாரி. இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். முதலில் என் மனு. பேசினேன், பேசினேன், நாற்பது நிமிடம் பேசினேன். அடுத்து அம்மையாரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றார். எழுதினதுதான் என்றார். உட்கார்ந்துவிட்டார்.

நான் விடவில்லை. கேட் அடைத்தால் பத்து நிமிடம், பத்து நிமிடத்துக்காக ஒரு வார்டையே வெட்டுவதா என்று கேட்டேன். மன்றத்தில் சிலர் தலையாட்டினார்கள். அப்போது அம்மையார் மறுபடியும் எழுந்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை. அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு எங்க தெருவுக்கு வாங்கம்மா. அங்கேருந்து ஓட்டுச்சாவடிக்கு எங்களோட நடந்து பாருங்க. அப்புறம் நீங்க எங்க கோடு போட்டாலும் சரி."

எத்தனை ஆண்டு மேடை ஏறியிருக்கிறேன். எத்தனை உவமை, எத்தனை எடுத்துக்காட்டு. எங்களோடு நடந்து பாருங்கள் என்ற ஒரு வாதத்தை நான் ஒருநாளும் வைத்ததில்லை. வைத்திருந்தால் நானும் நடக்க வேண்டியிருக்குமே.

அதிகாரி வந்தார். ஜீப்பில் வந்து, தெருமுனையில் ஜீப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, வரைபடத்தை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். நானும் போனேன். எதற்குப் போனேன்? பத்து நிமிடம்தான் என்று கடிகாரத்தைக் காட்டப் போனேன். சலவை வேட்டியும் புதுச்செருப்புமாகப் போனேன்.

நாலு இருபதுக்குக் கேட் அடைத்தார்கள். நீடாமங்கலம் பக்கம் போகிற பாசஞ்சர் வண்டி போனது. கேட் திறக்கவில்லை. நெல் மூட்டை ஏற்றிய சரக்கு வண்டி வந்து, முன்னே போய், பின்னே வந்து, பாதை மாறி, மறுபடி முன்னே போனது. கேட் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு விரைவு வண்டி வர வேண்டும் என்றார்கள். இந்தப் பக்கம் ஒரு டிராக்டர், இரண்டு ஆட்டோ, பள்ளிப் பிள்ளைகள், புல்லுக்கட்டோடு நான்கு பெண்கள். ஒருவர் முகத்திலாவது கோபம் இருந்ததா? இல்லை. அவர்களுக்கு அது வழக்கம். எனக்குத்தான் கால் கடுத்தது. நான்தான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டி எட்டிப் பார்த்தேன். கடிகாரத்தைக் காட்டப் போனவன், கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன்.

நிற்கும்போது அதிகாரி அம்மையாரிடம், கடந்த தேர்தல் அன்றைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அம்மையார் சொன்னார். அது இரண்டாம் போகமான தாளடி நெல் அறுப்புக் காலம். தெருப் பெண்களுக்கு ஒருவருடைய களத்தில் நெல் காயப்போடும் வேலை. மத்தியானம் வந்து ஓட்டுப் போடலாம் என்றிருந்தார்கள். வானம் மூடிக்கொண்டது. அடுத்தவர் நெல்லை மழையில் விட்டுவிட்டு எப்படி வருவது? வாரிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ஓடி வந்தார்கள். கேட் அடைத்திருந்தது. திறந்து, ஓடி, நடுநிலைப்பள்ளிக்குப் போனபோது வாசலைச் சாத்திவிட்டார்கள். காவலர் மரியாதையாகத்தான் சொன்னாராம், நேரம் முடிந்துவிட்டது அம்மா என்று.

எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டார்.

"முப்பத்தெட்டு பேருங்கம்மா."

இந்த இடத்தில், சகோதர சகோதரிகளே, நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தேர்தலில் நான் வென்றது இருபத்து மூன்று வாக்குகளில்.

அது அம்மையாருக்குத் தெரியாதா? தெருவில் ஒவ்வொருவருக்கும் தெரியும். என்னை அருகில் வைத்துக்கொண்டு, அதிகாரிக்கு முன்னால், ஒரே வாக்கியத்தில் என்னைச் சாய்த்திருக்கலாம். சாய்க்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தாண்டு. வென்ற அன்று மாலை போட்டபோது தெரியும் எனக்கு. ஊர்வலம் வந்தபோது தெரியும். கேட் அடைத்துப் பெண்கள் திரும்பிப் போனார்கள் என்று என் ஆட்கள் சிரித்துக்கொண்டு சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு அன்று அந்தக் கேட்டருகில் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன். பேசத் தெரிந்தவன்தானே. அவர் திட்டவில்லை.

"நான் ஜெயிச்சது இருபத்து மூணு ஓட்டுலங்க" என்று அதிகாரியிடம் நானே சொன்னேன். என் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். எழுத்தில் கொடுங்கள் என்றார் அவர்.

கேட் திறந்தபோது மணி ஐந்து ஏழு. நாற்பத்தேழு நிமிடம். நேரே ரசியா பேகம் கடைக்குப் போய், ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். அலங்காரம் ஒன்றும் வரவில்லை. அகிலாண்டம் கேட்பது சரி, அப்படியே செய்யுங்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இறுதி வரைபடம் வந்தது. கோடு தண்டவாளத்தின்மேல் ஓடியது. ஒன்பதாம் வார்டின் வாக்குச்சாவடி இந்தப் பள்ளிக்கூடத்துக்கே வந்தது. என் கட்சிக்காரர்கள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. நல்ல பதவியை நாக்கால் கெடுத்தாய் என்று என் வீட்டிலேயே சொன்னார்கள். என் தெருக்கள் எட்டாம் வார்டுக்குப் போயும், புதிய ஒன்பதாம் வார்டிலேயே நானும் நின்றேன். ஐந்தாண்டில் போகாத தோப்புத்தெருவுக்கு இருபது நாளில் நாற்பது முறை போனேன். முடிவு உங்களுக்குத் தெரியும். வானதி அவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்க வேண்டியவர்கள்தான்.

இன்று இந்த மேடையில், இந்த ஒலிபெருக்கியில், என் தெருவுக்கும் கேட்கும்படி சொல்கிறேன். அந்த முப்பத்தெட்டுத் தாய்மார்களிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் வாக்கு விழாத நாற்காலியில் ஐந்தாண்டு உட்கார்ந்திருந்தேன். தெரிந்தே உட்கார்ந்திருந்தேன்.

வரைபடத்தில் கோடு போடுவது யார் வேலை? அலுவலகத்தின் வேலை என்றிருந்தோம். அரசியல்வாதியின் வேலை என்றிருந்தோம். படித்தவர் பார்த்துக்கொள்வார் என்றிருந்தோம். பத்து நாள் அவகாசம் இருந்தது. பத்தாயிரம் பேர் அந்த வாசலைக் கடந்து போனோம். பட்டதாரிகள் கடந்தோம், பதவிக்காரர்கள் கடந்தோம். நின்றவர் ஒருவர். கேட்டவர் ஒருவர். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியவர் ஒருவர். அவர் ஆணையிடவில்லை, ஆர்ப்பரிக்கவில்லை, அழவில்லை. நடக்கிற பாதையைக் காட்டினார். நாடாள்வோர் போட்ட கோடு நகர்ந்து கொடுத்தது. மக்களைக் கேட்டுக் கோடு போடுகிறோம் என்று அரசாங்கம் சொன்ன ஒரு சொல்லை, சொன்னபடி நம்பி, சொன்ன நாளுக்குள் வந்து, அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் இந்த அகிலாண்டம் அம்மையார்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு அமர்கிறேன். தேர்தல் அன்று காலை இதே பள்ளிக்கூடத்து வாசலில், வேட்பாளன் என்ற முறையில் எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டு தூரத்தில் நின்றிருந்தேன். வாக்களித்துவிட்டு அம்மையார் வெளியே வந்தார். வேலைக்கு நேரமாகியும் போகவில்லை, வேப்பமரத்தடியில் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஓட்டு உங்களுக்குப் போடலீங்க."

தெரியும் அம்மா என்றேன்.

"ஆனா அவசரமில்லாம போட்டேங்க. வெளியில வந்து, மை காயுற வரைக்கும் நின்னேன்."

சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நான் வாங்கிய வாக்குகளில் எதுவும் எனக்கு அந்த நிறைவைத் தந்ததில்லை. எனக்கு விழாத அந்த ஒரு வாக்கு தந்தது.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட வானதி அவர்களுக்கும், பந்தல் போட்டு விளக்குக் கட்டிய தோப்புத்தெரு இளைஞர்களுக்கும், இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்ட தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அம்மையார் அவர்களே, உங்கள் தெருவுக்கும் உங்களுக்கும் இந்த இராஜாங்கத்தின் வணக்கம்.