சேராத மாணவி

என் தங்கை படிக்கும் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மேடையில் ஊரறியச் சொன்ன இலக்கு நிறைவேறியே தீரும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். இந்த ஆண்டு ஒரு மாணவிகூடப் படிப்பை நிறுத்தமாட்டாள் என்பதே அவருடைய இலக்கு. பள்ளத்தூர் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எம் மக செல்வி யுனிவர்சிட்டியில சேரவே இல்லையாம், மதினி.”

“என்ன சொல்றீக? தெனம் இந்த பஸ்ஸுல போனது யாரு, பேயா?”

“எனக்கு ஆபரேசன்னு கொஞ்ச நாள் லீவு போட்டா. திரும்பிப் போனா, பேரையே எடுத்துட்டாக.”

“எதுக்கு?”

“பாதியில நின்னுட்டான்னு சொன்னா இலக்கு கெட்டுப்போகுமாம். சேரவே இல்லைன்னா கெடாதாம். நேத்து மேடையில, இலக்கு நூத்துக்கு நூறுன்னு கை தட்டியிருக்காக.”

“புள்ள என்ன சொல்லுது?”

“காலையில பையத் தூக்கிட்டு வாசல்ல நிக்கிறா.”



என் தங்கையின் பெஞ்சில் செல்வி என்றொருத்தி இருந்தாள். இப்போது தங்கை மட்டும் இருக்கிறாள்.