கெட்டம்பேயிலிருந்து பேராதனைப் பாலம் வரைக்கும்

— ...இந்தப் பக்கமா வாங்க மேடம். பாத்து, ஓரம் வழுக்கும். மழையில மகாவலி ஆத்துல தண்ணி கொஞ்சம் கூடிருச்சு.

— நடந்தேவா போறோம்?

— நடைதாங்க மேடம். கெட்டம்பேயில தொடங்குனா பேராதனைப் பாலம் வரைக்கும். வெள்ளக்காரன் காலத்துல கட்டுனது நெறைய இந்த ஆத்தோரத்துலதான் இருக்கு. குட் மோர்னிங் லேடீஸ் அன்ட்... மன்னிச்சிருங்க, நீங்க ஒருத்தர்தானே.

— இங்கிலீஷ் வேணாம். தமிழ்ல சொல்லுங்க.

— தமிழ்லயா?

— ஏன், தெரியாதா?

— தமிழ் ஆளுதான் மேடம் நான்! பேரே இருளப்பன்தானே. ஆனா ஏழு வருசமா இந்த வழியில யாரும் தமிழ்ல கேட்டதே இல்ல. இங்கிலீஷ்ல மனப்பாடம். சிங்களத்துலயும் சொல்லிருவேன். தமிழ்ல... ஒரு நிமிசம் குடுங்க. மேடம் பேரு?

— பேரு எதுக்கு?

— சரி, வேணாம். ஆங்... அங்க தெரியுதே, அது ரயில் பாலம். கண்டிக்கு ரயில் வந்தது ஆயிரத்து எண்ணூத்தி அறுவத்தேழு.

— ஏன் இப்புடிக் கையக் கட்டிக்கிட்டே நடக்கிறீங்க?

— குளிர் மேடம்.

— நெத்தியெல்லாம் வேர்த்திருக்கே.

— அது... குளிர்லயும் வேர்க்கிற உடம்பு.

— நல்ல உடம்புதான். மேல சொல்லுங்க.

— மேல... மேல என்ன... ரயில் பாலம் சொல்லியாச்சு...

— எனக்கு எதுக்கு இப்புடிப் பயப்படுறீங்க?

— மேடம், நடிக்க வேணாம். எனக்குத் தெரியும்.

— ...என்ன தெரியும்?

— கைட் லைசன்ஸ் குடுக்கிறதுக்கு முந்தி டூரிஸ்ட் போர்டுல இருந்து சொல்லாம கொள்ளாம ஆள் அனுப்புவாங்கன்னு எங்க கைட்மாருங்க பேசிக்குவாங்க. டூரிஸ்ட்டு மாதிரியே வந்து, கூடவே நடந்து, கேள்வி கேட்டு, மார்க் போட்டுட்டுப் போயிருவாங்களாம்.

— நான் அந்த ஆளா?

— காலையில ஒத்தையா வந்து எறங்குனீங்க. 'இருளப்பன் நீங்கதானே'ன்னு கேட்டீங்க. எந்த டூரிஸ்ட்டு மேடம் என் பேரத் தெரிஞ்சிக்கிட்டு வர்றான்?

— அது வந்து...

— பதில் சொல்ல வேணாம். சொல்லவும் மாட்டீங்க. நான் ஒழுங்காச் சொல்றேன், பாருங்க. இந்தா, பாலம் வந்திருச்சு. மொதல்ல இங்க இருந்தது முதிரை மரத்துல கட்டுன பாலம். ஒரே வளைவு. நடுவுல தூண் கெடையாது. ஆணி ஒண்ணுகூட அடிக்கலயாம்!

— ஆணி இல்லாம எப்புடி நிக்கும்?

— ஒண்ணோட ஒண்ணு கோத்து...

— யாரு கட்டுனா?

— ப்ரவுன்னு ஒரு வெள்ளக்காரத் தொர.

— தொரையா முதிரை மரத்தச் சொமந்தாரு?

— ...அது புத்தகத்துல இல்ல மேடம்.

— சும்மா கேட்டேன்.

— அந்தக் கரையில தெரியிறது பூந்தோட்டம். வெள்ளக்காரன் மொத தேயிலச் செடிய அங்கதான் கொண்டாந்து வச்சானாம்.

— வச்சிட்டுப் போயிட்டான். எங்கம்மா இன்னும் பறிக்கிறாங்க.

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல... மேல சொல்லுங்க.

— சொல்றேன்... மேடம், கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ரெண்டு தடவ தவறிட்டேன். இது மூணாவது. இதுலயும் போச்சுன்னா நான் செத்தேன்.

— லைசன்ஸ் இல்லாமத்தானே இத்தன வருசம் ஓட்டுனீங்க?

— இப்ப முடியாது. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறோம்.

— ...பொண்ணுக்கும் லைசன்ஸுக்கும் என்ன?

— லைசன்ஸ் இருக்குன்னு சொல்லியாச்சு.

— யாரு சொன்னா? நீங்களா?

— தரகர்தான் சொன்னாரு. நான் பக்கத்துலயே கதிரையில இருந்தேன். வாயத் தொறக்கல. அப்ப நான் சொன்ன மாதிரிதானே?

— அந்த மாதிரிதான்.

— பொண்ணு டீச்சராம் மேடம். தெல்தோட்டைப் பக்கம். பேரு பாப்பம்மா.

— பேரு புடிச்சிருக்கா?

— பேருக்கென்ன, நல்ல பேருதான்.

— ஆளப் பாத்திருக்கீங்களா?

— எங்க! என் போட்டோவ மட்டும் வாங்கிக்கிட்டாங்க. பொண்ணு போட்டோவ வெளிய குடுக்க மாட்டாங்களாம்.

— டீச்சர்ங்கிறதாலதான் சரின்னு சொன்னீங்களா?

— இதெல்லாமா மேடம் பரீட்சையில வரும்?

— வரும். சொல்லுங்க.

— ...எங்கம்மாவுக்கு அதுதான் புடிச்சிச்சு. எனக்குப் பயம்.

— என்ன பயம்?

— படிச்சவங்க கேள்வி கேப்பாங்கல்ல? பொய்ய மடியில கட்டிக்கிட்டு எத்தன நாளைக்குக் குடும்பம் நடத்துறது? சோறே எறங்க மாட்டேங்குது மேடம்.

— அப்ப போயி உண்மையச் சொல்லிர வேண்டியதுதானே?

— சொன்னா வேணாம்னுருவாங்க. அதுக்குள்ள லைசன்ஸ் கெடச்சிட்டா பொய்யே இல்லாமப் போயிரும் பாருங்க. இன்னும் நாலு நாள் இருக்கு... மேடம்? என்ன மேடம், அழுவுறீங்களா?

— தூசி.

— மழையில ஏது தூசி?

— குளிர்ல வேர்க்கலாம், மழையில தூசி விழக் கூடாதா?

— அதுசரி... சிரிச்சிட்டீங்க. அப்பாடா. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது.

— கேளுங்க.

— நீங்க போர்டு ஆளுன்னு எதுல எனக்கு உறுதியாச்சு தெரியுமா?

— எதுல?

— நம்ம பொம்பளைங்க, முன்னப்பின்ன தெரியாதவங்கன்னாலும், 'அண்ணே பஸ் எப்ப? அண்ணே இந்த ரோட்டு எங்க போகுது?'ன்னுதான் கேப்பாங்க. நீங்க இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க, ஒரு தடவகூட அண்ணேன்னு கூப்பிடல. சரி, பெரிய ஆபீசர்... ஒரு கைட்டப் போயி அப்புடிக் கூப்பிட வாய் வருமான்னு நெனச்சிக்கிட்டேன்.

— வாயெல்லாம் வரும். கூப்பிடத்தான் கூடாது.

— ஏன் மேடம்?

— அந்தப் பாலத்துக் கம்பியப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க.

— எதுக்கு?

— புடிங்க, சொல்றேன். நான் எந்தப் போர்டும் இல்ல. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வரப்போறவர எப்புடிங்க நான் அண்ணேன்னு கூப்பிடுறது?

— ...பாப்பம்மா... டீச்சர்... ஐயோ... இவ்வளவையும் ஒளறிட்டேனே டீச்சர்...

— டீச்சரும் இல்ல. தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல தொட்டி ஆட்டுறவ. தாய்மாருங்க கொழுந்து பறிச்சிட்டு வர்ற வரைக்கும் கைப்புள்ளைங்களப் பாத்துக்கிறேன், அவ்வளவுதான். அத உங்ககிட்டச் சொல்லிட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சித் திரும்பிரலாம்னுதான் வந்தேன். எறங்குன எடத்துலயே சொல்லியிருப்பேன்... நீங்க 'வாங்க மேடம்'னு கூப்பிட்டீங்க. என்னைய யாரும் அப்புடிக் கூப்பிட்டதில்ல... அதான் பாலம் வரைக்கும் நடந்துட்டேன்.