பதினான்கு பீப்பாயும் ஏழு ஆமவடையும்

என் பெயர் சுடலைவடிவு, வயது 43, கணவர் பெயர் அம்மையப்பன், தச்சநல்லூரில் குடியிருந்து வருகிறேன். திருநெல்வேலி டவுண் பலகாரக் கடைகளில் பொரித்துக் கழித்த எண்ணெயை லோடு ஆட்டோவில் சேகரித்து, கங்கைகொண்டான் பக்கம் உள்ள விமான எரிபொருள் ஆலையில் கொடுப்பது என் தொழில். மூன்று வருடமாக என்மேல் ஒரு சொல் வந்ததில்லை.

நேற்று வியாழக்கிழமை காலை சுமார் பத்து மணிக்கு இரண்டு பீப்பாய் எண்ணெயை இறக்கிய பிறகு, ஆலைக் கிட்டங்கியில் மேலும் பதினான்கு பீப்பாய்கள் நிற்கக் கண்டேன். எல்லாவற்றிலும் 'பழைய எண்ணெய், சேகரித்தவர் சுடலைவடிவு' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதன் பிறகு ஒன்றைத் திறந்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தேன். பழைய எண்ணெய் என்றால் எந்தக் கடை என்று என் மூக்கே சொல்லிவிடும். முறுக்குக் கடை என்றால் ஓமம் மணக்கும், சிப்ஸ் கடை என்றால் வாழைக்காய். இதில் ஒரு வாடையும் இல்லை. அது புதுப் பாமாயில்.

அதன் பிறகு மேற்பார்வையாளர் மணிராஜிடம், "ஏலே மணி, இதுல ஒரு முறுக்காவது வெந்திருக்காலே?" என்று கேட்டேன். அவர், "யக்கா, சும்மா கையெழுத்தப் போடுங்க. பிளேன்ல போறவன் மோந்தா பாக்கான்?" என்றார். அந்த ஆலை காற்றாலை மின்சாரத்தில் ஓடுகிறது, அதில் கலப்படம் இல்லை, அதை எங்கும் சொல்லுவேன். ஆனால் கழிவு எண்ணெயில் செய்வதால்தான் அந்த எரிபொருளுக்கு மதிப்பு என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவர்களும் அந்த ஆலைக்காரர்களே. காட்டை அழித்து விளைத்த பாமாயிலை என் பெயரில் கழிவாக்க எனக்குச் சம்மதமில்லை. நாளைக்குப் பிடிபட்டால் கம்பி எண்ணப் போவது மணிராஜ் அல்ல, நான்.

அதன் பிறகு யாரிடமும் கேட்காமல் அந்தப் பீப்பாயில் ஐந்து லிட்டர் பிடித்து, ஆலைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் இசக்கிதுரை அண்ணாச்சியின் சட்டியில் ஊற்றி ஆமவடை போட்டேன். கெட்ட எண்ணெய் என்றால் நுரைத்துப் பொங்கும், இது பொங்கவில்லை. அந்நேரம் ஆலைக்குச் சான்றிதழ் கொடுக்க வந்த அதிகாரிகளின் காரை மறித்து ஆளுக்கொரு வடை கொடுத்தேன். ஒருவர் தின்றுவிட்டு, நல்ல எண்ணெயாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். ஆலைக்கு உள்ளே கையைக் காட்டினேன்.

அதன் பிறகுதான், பழைய எண்ணெயைத் திருடி அதில் பலகாரம் போட்டு மக்களுக்குக் கொடுத்ததாக ஆலை சார்பில் என்மேல் புகார் வந்தது. இந்தக் காவல் நிலையத்தில் வைத்தே மணிராஜ், "பழைய எண்ணெய்தான்னு எழுதிக் குடுங்கக்கா, கேச வாபஸ் வாங்கிருதோம்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

எண்ணெய் எடுத்தது உண்மை, கேட்காமல் எடுத்ததும் உண்மை. அதற்கு வழக்குப் போடுங்கள், கோர்ட்டுக்கு வருகிறேன். ஆனால் நான் எடுத்தது புது எண்ணெய் என்றுதான் எழுத வேண்டும். மேலும், என்னிடம் கைப்பற்றிய ஏழு வடைகளில் இப்போது நான்குதான் மேஜையில் இருக்கின்றன. மூன்று எங்கே என்று நான் கேட்கவில்லை. தின்றவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். 'புது' என்ற சொல் உட்பட நான் சொன்னபடியே இருக்கிறது.

ஒப்பம்: சுடலைவடிவு